சைலன்சருக்குள் ஓர் அடுப்பு: புது டிராக்டரின் புகைக் கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள

சித்திரை வெயிலில் உடுமலைக்குப் பக்கத்தில் உள்ள மாமாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத 57 எச்.பி. டிராக்டர் தேங்காய்க் களத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை பாதிகூட இல்லை. அதற்கு முன்னால் நான்கு நாளாக மஞ்சள் விளக்கு எரிந்ததாம், மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"முப்பது வருசமா வண்டி ஓட்டறேன் மாப்ளே. இஞ்சின் சூடானா லைட் எரியும், ஆயில் இல்லீன்னா லைட் எரியும். அது ஞாயம். சைலன்சருக்கு எதுக்குடா லைட்டு?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் 50 எச்.பி.க்கு மேல் புது டிராக்டர் வாங்கும் எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி அதுதான். பழைய வண்டியில் சைலன்சர் என்பது புகை வெளியே போக ஒரு குழாய், அவ்வளவுதான். புது வண்டியில் அது இஞ்சினின் பாதி. அதற்குள் ஓர் அடுப்பு இருக்கிறது. அந்த அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. அன்று மாமாவுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

புகை எங்கிருந்து வருகிறது

விறகடுப்பைப் பார்த்தவர்களுக்கு டீசல் இஞ்சின் பாதி புரிந்த மாதிரிதான். ஈர விறகை அள்ளித் திணித்தால் புகை மண்டும். சிராய்களாகப் பிளந்து வைத்து, ஊதாங்குழலால் நாலு ஊது ஊதினால் புகை போய்த் தீ கொழுந்துவிட்டு எரியும். எரிபொருள் எவ்வளவு சிறு துண்டாக இருக்கிறது, அதற்குக் காற்று எவ்வளவு கிடைக்கிறது, இவை இரண்டும்தான் புகையைத் தீர்மானிக்கின்றன.

டீசல் இஞ்சினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நசுக்கி நசுக்கி 500 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சப்படும் ஒவ்வொரு துளிக்கும் ஓர் உள்பக்கம் உண்டு. அங்கே காற்று போதாது, எரிந்தும் எரியாமலும் கரியாகிறது. சட்டிக் கலப்பையைக் கட்டி மேடேற்றும்போது பழைய வண்டி கக்கும் கரும்புகை அதுதான்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சங்கதி. தீ மிக உக்கிரமாகவும் காற்று தாராளமாகவும் இருக்கும் இடத்தில், காற்றிலேயே இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிவிடுகின்றன. வெயிலில் இவை ஓசோனையும் புகைமூட்டத்தையும் உண்டாக்கும், நுரையீரலை அரிக்கும்.

இஞ்சின் வடிவமைப்பவருக்குத் தலைவலி இங்கேதான். கரியைக் குறைக்கச் சூட்டைக் கூட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. அதைக் குறைக்கச் சூட்டைத் தணித்தால் கரி கூடுகிறது. குட்டைப் போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தால் காலுக்குப் பத்தாது. இன்று டிராக்டரில் தொங்கும் அத்தனை புதுப் பெட்டிகளும் இந்தப் போர்வையை நீட்டச் செய்த முயற்சிகள்தான்.

ஊர்க்காட்டில் ஒரு டிராக்டர் புகை விட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் புகைக்கு மிக அருகில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் அதை ஓட்டுகிறவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே வகை.

இரண்டு பவுனும் அரைக்கால் பவுனும்

நம் நாட்டில் டிராக்டர் புகைக்கான விதிகளுக்கு டிரெம் என்று பெயர். 2010, 2011 வாக்கில் வந்தது டிரெம் 3ஏ. பல வருடம் எல்லா வண்டிக்கும் அதுதான் அளவுகோல். அடுத்த கட்டமான டிரெம் 4 பலமுறை தள்ளிப்போய், 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை. 37 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 50 எச்.பி., அதற்கு மேல் போனால் மட்டும்.

எவ்வளவு மாற்றம் என்பதை நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். 50 எச்.பி.யைச் சற்றே தாண்டிய ஒரு வண்டி 40 கிலோவாட் திறனில் ஒரு மணி நேரம் முழு மூச்சாக உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவாட் மணிக்கு 0.4 கிராம் கரித்தூள் வரை விடலாம் என்றது பழைய விதி. மணிக்கு 16 கிராம், சரியாக 2 பவுன் எடை. புது விதியில் வரம்பு 0.025 கிராம். மணிக்கு 1 கிராம், அதாவது அரைக்கால் பவுன். பதினாறில் ஒரு பங்கு. பம்பைக் கொஞ்சம் திருகி, நாசிலை மாற்றி இதைச் சாதிக்க முடியாது. அதனால்தான் வண்டியின் அமைப்பே மாறியது.

75 எச்.பி.க்குக் கீழே இருக்கும் வண்டிகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை டிரெம் 4 இறுக்கவில்லை, கரியைத்தான் இறுக்கியது. 75-க்கு மேல் இரண்டும் இறுகின. யூரியாக் கரைசல் தொட்டி பெரிய வண்டியில் இருந்து நடுத்தர வண்டியில் இல்லாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்த கட்டமான டிரெம் 5-ஐ முதலில் 2024 ஏப்ரலுக்கு என்றார்கள், பிறகு 2026 ஏப்ரலுக்கு ஒத்திவைத்தார்கள். அது சிறிய வண்டிகளையும் தொடும் விதி என்பதால் இந்தத் தள்ளிவைப்புக்கெல்லாம் பின்னால் விலைக் கவலையும் இருக்கிறது.

வண்டிக்குள் வந்து சேர்ந்தவை

முதலாவது சி.ஆர்.டி.ஐ. பழைய வண்டியில் பம்பும் நாசிலும் இருக்கும். சுமார் 200 பார் அழுத்தம் வந்தால் நாசில் திறந்து டீசல் பீய்ச்சும். சி.ஆர்.டி.ஐ.யில் ஒரு பொதுக் குழாயில் 1,600 பார் அளவுக்கு டீசலை அழுத்தி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில், சொல்லும் அளவு மட்டும் விடுகிறார்கள். லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு இது. துளிகள் பனிப்புகை மாதிரி பொடிந்துவிடும். விறகைச் சிராயாகப் பிளந்த கதைதான். ஊதாங்குழல் வேலையை டர்போ பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது இ.ஜி.ஆர். வெளியே போகும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இஞ்சினுக்குள்ளேயே அனுப்புவது. கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அது உள்ளே போனால் தீயின் உக்கிரம் தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். எரிகிற அடுப்பில் சாம்பலைக் கொஞ்சம் போட்டு அமர்த்துவோமே, அப்படி. போர்வையின் மறுபக்கமாகக் கரி கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

அந்தக் கரியைப் பிடிக்கத்தான் சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பீப்பாய் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்பாதியில் பெரும்பாலும் டி.ஓ.சி. என்ற வினையூக்கி இருக்கும். பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பீங்கான் தேனடை. எரியாமல் தப்பிய டீசல் ஆவியை இது எரிக்கும். பின்பாதியில் டி.பி.எஃப்., அதாவது கரி வடிகட்டி. இதுவும் தேனடைதான், ஆனால் கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை உள்ளே நுழைந்தால் நேராக வெளியேற வழி கிடையாது, சுவரின் நுண்துளை வழியாக ஊறித்தான் போக வேண்டும். காற்று போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். காபி பில்டரில் டிகாக்ஷன் இறங்கிப் பொடி மேலே தங்குவது போல.

காபிப் பொடியைத் தினமும் தட்டிக் கொட்டிவிடுகிறோம். இந்தக் கரியை எங்கே கொட்டுவது? எரித்துவிட வேண்டும். அடுப்பு என்று நான் சொன்னது இதைத்தான்.

75 எச்.பி.க்கு மேற்பட்டவற்றில் எஸ்.சி.ஆர். என்று இன்னொரு பெட்டியும் வரும். 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்தமான நீரும் கலந்த கரைசலை இது சூடான புகையில் தெளிக்கும். யூரியா அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை மறுபடி வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு பி.எஸ்.6 புகை விதிப்படி வண்டிகள் வந்த 2020-லிருந்தே இது பழக்கம்.

யூரியா என்றதும் தோட்டத்துக்காரர் மனம் குடோனில் இருக்கும் மூட்டைக்குத்தான் போகும். "மூட்டை நம்மகிட்டயே இருக்குது, தண்ணியில கரைச்சு ஊத்துனா ஆச்சு" என்று மாமாவும் சொன்னார். கூடவே கூடாது. வயலுக்குப் போடும் யூரியா 2015-லிருந்து முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருகிறது. நம் கிணற்று நீரிலோ உப்பு. இரண்டும் சேர்ந்தால் தெளிப்பான் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும், வினையூக்கியும் பாழாகும். கடையில் வாங்கும் கரைசலையும் வெயிலில் வைக்கக் கூடாது. 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் சரக்கு, 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். கரூர், ஈரோட்டுக் கோடையில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் அதற்கும் முன்பே கெட்டுவிடும்.

அடுப்பு பற்றவில்லை என்றால்

இனிதான் முக்கியமான இடம். புது டிராக்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்ற புகாரில் பெரும்பங்கு இந்த ஒரு பகுதியைப் புரிந்துகொண்டால் தீரும் என்பது என் கணிப்பு.

வடிகட்டியில் தங்கிய கரி தானாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். டி.ஓ.சி.யிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு துணைக்கு இருந்தால் 300 டிகிரியை ஒட்டியே மெதுவாக எரிய ஆரம்பிக்கும். ரோட்டவேட்டர் கட்டி மண்ணைப் புரட்டும்போதும், சட்டிக் கலப்பை ஆழமாக இறங்கும்போதும் புகைச் சூடு அந்த அளவைத் தாண்டிவிடும். அப்போது பிடிக்கப் பிடிக்கக் கரி எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது, விளக்கும் எரியாது.

மாமா வண்டி என்ன செய்துகொண்டிருந்தது? கோடையில் காய்ந்த தென்னைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இழுத்தது. மரத்துக்கு மரம் நின்று ஊற்றும்போது இஞ்சின் சும்மா ஓடியது. தேங்காய் ஏற்ற டிரெய்லரோடு நின்றது, ஆட்கள் ஏற்றி முடிக்கும்வரை அணைக்காமல். பிறகு களத்துக்கு அரைக் கிலோமீட்டர் ஓட்டம். 57 எச்.பி. வண்டிக்கு இது பூ கட்டுகிற வேலை. புகைச் சூடு 200 டிகிரியைக்கூட எட்டியிருக்காது. கரி சேர்ந்துகொண்டே போனது, எரிய வழியில்லை.

வடிகட்டிக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தைச் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். அடைப்பு கூடினால் வண்டியே முயற்சி எடுக்கும். கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் புகைக்குள் விட்டு, டி.ஓ.சி.யில் எரியவைத்து, வடிகட்டியை 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். இதற்கு ரீஜென் என்று பெயர். இருபது, முப்பது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். நம் ஆட்களோ பத்து நிமிடத்தில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாதி எரிந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றிய கதை. இப்படி நாலு முறை நடந்தால் மஞ்சள் விளக்கு.

மஞ்சள் விளக்கு, "எனக்கு உட்கார்ந்து எரிக்க நேரம் கொடு" என்று வண்டி கேட்பது. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ.வைத் துண்டித்து, கைப் பிரேக் போட்டு, அதற்கான பொத்தானை அழுத்தினால் ரேஸ் தானே ஏறி அரை மணி, முக்கால் மணியில் எரித்து முடித்துவிடும். மாமா வண்டியிலும் அந்தப் பொத்தான் இருந்தது. டெலிவரி எடுத்த அன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். பொத்தானைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கையேடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது.

மஞ்சளையும் மதிக்காவிட்டால் சிவப்பு. இஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் பொத்தான் பெரும்பாலும் வேலை செய்யாது. அடைந்த வடிகட்டியில் அத்தனை கரியும் ஒரே நேரத்தில் பற்றினால் பீங்கானே வெடித்துவிடும் என்பதால் கம்ப்யூட்டர் அனுமதிக்காது. லேப்டாப்போடு சர்வீஸ் ஆள் வந்துதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு மூன்றாம் நாள் வந்தார்.

ரீஜென் நடக்கும்போது வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே 600 டிகிரி, வெளியே வரும் காற்றும் கொதிக்கும். நார் குவியல், காய்ந்த தென்னை ஓலை, சோளத்தட்டுப் போர் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைக்கு மட்டை ஏற்றிப்போகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இன்னொரு மறைமுக விளைவு இருக்கிறது. சில இஞ்சின்களில் ரீஜென்னுக்கான கூடுதல் டீசலை சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகப் பீய்ச்சுவார்கள். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு கலந்துவிடும். ரீஜென் அடிக்கடி பாதியில் நின்றால் இந்தக் கலப்பு கூடும். ஆயில் குறைந்தால் கவலைப்படுவது நமக்குப் பழக்கம். இந்த வண்டியில் ஆயில் கேஜில் அளவு *ஏறினாலும்* கவலைப்பட வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆயில் என்றதும் இன்னொன்று. கரி எரியும், சாம்பல் எரியாது. இஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் உலோக உப்புகள்தான் எரிந்து சாம்பலாக வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்குகின்றன. அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். டப்பாவில் சி.கே.4 என்பது போன்ற தரக் குறியீடு இருக்கும், கையேட்டில் சொன்ன குறியீட்டோடு ஒத்துப்பார்த்து வாங்க வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆயிலை இதில் ஊற்றினால் சில ஆயிரம் மணி நேரம் கழித்து வர வேண்டிய வடிகட்டிச் சுத்தம் சீக்கிரமே வந்து நிற்கும். அது மலிவான வேலை இல்லை.

பழைய பழக்கம், புது வண்டி

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சின் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால், ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணிப் பார்ப்பார்கள். எதை லூஸ் பண்ணினால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அருமையான யுக்தி, பல தலைமுறை மெக்கானிக்குகளுக்குச் சோறு போட்டது. சி.ஆர்.டி.ஐ. வண்டியில் அதைச் செய்தால் கையே போய்விடும். 1,600 பாரில் கசியும் டீசல் ஊசிபோல் தோலுக்குள் நுழையும். வெளியே குண்டூசி குத்திய அளவு காயம், உள்ளே திசு அழுகும், உடனடி அறுவை சிகிச்சை வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அதே ஆபத்துதான். தோட்டத்துக்கு வரும் மெக்கானிக்கிடம் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

இதே அழுத்தம்தான் டீசல் சுத்தத்தையும் முக்கியமாக்குகிறது. இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு நடுவே இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். கேனில் வாங்கி, கொட்டகையில் வைத்து, புனல் தேடி ஊற்றும் பழக்கத்தில் தூசும் தண்ணீரும் கூடவே போகும். பழைய பம்ப் இதைப் பொறுத்துக்கொள்ளும், சி.ஆர்.டி.ஐ. பொறுக்காது. தண்ணீர் பிரிப்பான் கிண்ணத்தை வாரம் ஒருமுறை திறந்து வடித்துவிடுவது இரண்டு நிமிட வேலை. டீசலைப் பொறுத்தவரை அரசு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்கக் கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகாத டீசல்தான் விற்பனை. அதற்கு முந்தைய தர டீசலில் 50 பி.பி.எம். வரை இருந்தது. கந்தகம் வினையூக்கிக்கு விஷம் என்பதால், இந்த டீசல் வராமல் இந்த வண்டியும் வந்திருக்க முடியாது.

அப்புறம் மின்சாரச் சங்கதிகள். தோப்பில் எலிக்குப் பஞ்சமில்லை, அதற்கு ஒயர் உறை கரும்பு மாதிரி. ஒரு சென்சார் ஒயர் அறுந்தாலும் வண்டி படுத்துவிடும். கலப்பைக் கொக்கியில் விரிசல் விட்டதென்று வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடித்தால் அந்த மின்சாரம் கம்ப்யூட்டர் வழியாகவும் பாயலாம், பேட்டரி இணைப்பையும் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றிய பிறகே வெல்டிங். பேட்டரி இறங்கிவிட்டது என்று பக்கத்தில் நிற்கும் லாரியின் 24 வோல்ட்டைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யும் கைவேலையும் பழைய வண்டியோடு போகட்டும்.

இ.ஜி.ஆர். பக்கம் பெரும்பாலும் இரண்டு கோளாறு. வால்வில் கரி ஒட்டி அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் புகையும் மந்தமும். கூலர் உள்ளே ஓட்டையானால், ரேடியேட்டர் தண்ணீர் எங்கும் சொட்டாமலே குறைந்துகொண்டு வரும், புகை வெள்ளையாக இருக்கும். இரண்டாவதை அலட்சியப்படுத்தினால் இஞ்சின் பிரிக்கும் வேலை வந்துவிடும்.

கழற்றி வீசிவிட்டால்?

கேட்காதவர் இல்லை. வடிகட்டியை எடுத்துவிட்டு வெறும் குழாய் மாட்டி, கம்ப்யூட்டரை ஏமாற்ற மென்பொருளையும் மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகன விதிகளுக்கு விரோதமானது, வாரண்டியும் போய்விடும். அதைவிட முக்கியம், டர்போவும் இ.ஜி.ஆரும் குழாயில் இவ்வளவு எதிர் அழுத்தம் இருக்கும் என்று கணக்குப் பண்ணி அமைக்கப்பட்டவை. ஒன்றைப் பிடுங்கினால் மற்றதெல்லாம் தவறான கணக்கில் ஓடும். மறுவிற்பனையில் விவரம் தெரிந்தவர் வந்தால் விலையும் அடிபடும்.

ஆனால் அப்படிக் கேட்கும் விவசாயியின் கோபம் பொய்யில்லை. உழவுக்கு ஈரம் நிற்பது மூன்று நாள். அந்த மூன்று நாளும் லேப்டாப் வைத்திருக்கும் ஆளுக்காகக் காத்திருந்தால் பருவம் போச்சு. இந்தக் கோபம் நம்மூரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் தன் வண்டியைத் தானே பழுதுபார்க்கும் உரிமைக்காக விவசாயிகள் வருடக்கணக்கில் போராடி, 2023 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனம் அங்குள்ள விவசாயிகள் கூட்டமைப்போடு ஓர் உடன்பாடு போட்டது. அதுவும் போதவில்லை என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையமே வழக்குத் தொடுத்தது. புகைக் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி டீலரிடம் மட்டும் இருப்பதற்கும் காற்று சுத்தமாவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சி.ஆர்.டி.ஐ. வண்டியில் ரோட்டவேட்டர் ஓட்டிப் பார்த்தவர் பழையதற்குத் திரும்பக் கொஞ்சம் யோசிப்பார். மண் இறுகினாலும் ரேஸ் அவ்வளவாக இறங்காது, கம்ப்யூட்டர் உடனே டீசலைக் கூட்டிச் சரிக்கட்டிவிடும். சத்தம் குறைவு, மார்கழிக் காலையிலும் ஒரே சாவியில் பற்றிக்கொள்ளும்.

எந்த வண்டி, எந்த வேலைக்கு

வாங்கப் போகிறவர்கள் எச்.பி.யைக் கௌரவமாகப் பார்க்காமல் வேலையாகப் பார்க்க வேண்டும். கோபி, பவானி வாய்க்கால் பாசனத்தில் சேற்றுழவு, மஞ்சள் காட்டுக்கு ஆழ உழவு, ஊரெல்லாம் வாடகைக்கு ரோட்டவேட்டர் என்று நாள் முழுக்க வண்டி உழைக்குமென்றால் 50-க்கு மேல் வாங்கலாம். அந்த உழைப்பே வடிகட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். ஐந்தாறு ஏக்கர் தோப்பு, தண்ணீர்த் தொட்டி, தேங்காய் ஏற்றம், எப்போதாவது உழவு என்றால் 50-க்குக் கீழே போதும். டிரெம் 4 அந்த வண்டிகளைத் தொடவில்லை, அதனால் அந்த விதிப்படி இந்தப் பீப்பாய் அவற்றுக்குத் தேவையில்லை. கம்பெனிகளுக்கும் இது தெரியும். 49 புள்ளி சொச்சம் எச்.பி. என்று இழுவையைக் கூட்டி, கோட்டுக்கு ஒரு முடி கீழே நிற்கும் மாடல்கள் சும்மா வரவில்லை.

டீலரிடம் விலை பேசும்போது கூடவே கேட்க வேண்டியவை சில உண்டு. இதில் வடிகட்டி உண்டா, டி.ஓ.சி. மட்டுமா? மாடலுக்கு மாடல் மாறும். ரீஜென் பொத்தான் எங்கே, அதைத் தடுத்து வைக்கும் சுவிட்ச் எங்கே? லேப்டாப் ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை நான் தள்ளுபடியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

மாமா விற்க நினைத்த பழைய 35 எச்.பி. வண்டியை விற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியும் தேங்காய் டிரெய்லரும் மறுபடி அதன் தலையில். 57-ஐப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு ரோட்டவேட்டர் ஓட்ட விட்டிருக்கிறார். ஐப்பசி மழைக்குப் பிறகு போனபோது வண்டி காட்டுக்குள் இருந்தது. ஓட்டுகிற பையனைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். அவன் வரப்பில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பப் போனான்.

"லைட்டு எரியுதா பாருடா மொதல்ல."

"எரியுதுங்க."

"அப்ப அணைக்காதே, ஓடட்டும். ஓலை கீது பக்கத்துல கெடக்குதான்னு பாத்துட்டு வா."